குரு தவறினால் கற்ற பாடம் தவறாகுமா?

ஒரு பிள்ளை விளையாட்டில் முன்னேறினால் நாம் முதலில் கேட்பது, "கோச் யார்?" என்பதுதான். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை வைத்துச் சொல்லி வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே வந்துவிடும். ஆனால் அந்தக் குருவின் பெயர் ஒரு நாள் பத்திரிகைகளில் வேறு காரணத்துக்காக அடிபட்டால் என்ன செய்வது? "இவரால்தான் நான் உயர்ந்தேன்" என்று அவரிடம் கற்ற மாணவன் சொல்லலாமா? சொன்னால் அவருடைய தவறுக்குப் பூசி மெழுகியது ஆகுமா? சொல்லாவிட்டால் நன்றி மறந்தவன் ஆவானா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்குப் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. பயிற்சியாளர் ரிக் பிட்டினோ. மாணவர் ரஸ் ஸ்மித். இடம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் பல்கலைக்கழகம்.

கல்லூரி ஆட்டம் என்றால் என்ன?

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது நம் கல்லூரி ஆண்டு விழாப் போட்டி போன்றதன்று. அரங்கில் இருபதாயிரம் பேர் அமர்ந்து பார்ப்பதுண்டு. ஆண்டுதோறும் மார்ச் மாதம் தொடங்கும் தேசியப் போட்டியில் 68 அணிகள் மோதும். ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான். மாணவர்கள் படிப்புக்கான உதவித்தொகை பெற்று ஆடுவார்கள். நாம் பேசப்போகும் ஆண்டுகளில் அதற்கு மேல் பணமோ பரிசோ பெறுவது விதிமீறல். 2021க்குப் பிறகுதான் இந்த விதிகள் தளர்ந்தன. ஆனால் பெரிய அணிகளின் பயிற்சியாளர்களுக்கு அப்போதே ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம். எந்தப் பள்ளி மாணவனை அழைப்பது, யாரை ஆட்டத்தில் இறக்குவது, யாரை உட்கார வைப்பது எல்லாம் அவர்கள் கையில். புகழும் பழியும் அவர்களைச் சேர்வதற்கு இதுவே காரணம்.

ஒரு மாணவனின் நான்கு ஆண்டுகள்

ரஸ் ஸ்மித் நியூயார்க் நகரத்துப் பையன். ஆறடி உயரம்தான். கூடைப்பந்தில் அது குள்ளம் என்றே சொல்ல வேண்டும். 2010இல் லூயிவில்லில் சேர்ந்தபோது பெரிய நட்சத்திரமாக யாரும் அவரை எண்ணவில்லை. முதல் ஆண்டில் ஆடிய நேரமே குறைவு. ஆட்டத்துக்குச் சராசரியாக 2.2 புள்ளிகள். இரண்டாம் ஆண்டில் அது 11.5 ஆயிற்று, மூன்றாம் ஆண்டில் 18.7, நான்காம் ஆண்டில் 18.2.

இந்த எண்களை மட்டும் பார்த்து, "இரண்டிலிருந்து பதினெட்டு! கோச் செய்த அற்புதம்!" என்று சொல்லிவிடக் கூடாது. அதிக நேரம் ஆடினால் அதிகப் புள்ளி வரத்தானே செய்யும்? முன்னேற்றத்தை அறிய வேறொரு கணக்கு உண்டு. கூடையை நோக்கி எறிந்த பந்துகளில் எத்தனை உள்ளே விழுந்தன என்று பார்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் அவர் நூறு எறிந்தால் சுமார் 36 விழுந்தது. மூன்றாம் ஆண்டில் 41. நான்காம் ஆண்டில் 47. சக வீரர்களுக்குப் பந்தைக் கொடுத்து அவர்களைப் புள்ளி எடுக்க வைத்ததும் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு 2.9இலிருந்து 4.6 ஆக உயர்ந்தது. கடைசி ஆண்டில் மொத்தப் புள்ளி சற்றுக் குறைந்திருந்தாலும் அந்த ஆண்டில்தான் அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர். நாட்டின் முதல் ஐவரில் ஒருவராக 2014இல் தேர்வு பெற்றதும் அதனால்தான்.

எறியக் கூடாத பந்தை எறியாமல் இருக்கக் கற்றுக்கொண்டார் என்பதே இதன் பொருள். அதைப் பழக்குவது பயிற்சியாளரின் வேலை. பிட்டினோவின் முறை கடுமையானது. ஆடுகளத்தின் முழு நீளத்திலும் எதிரணியை மூச்சுவிடாமல் விரட்டச் சொல்வார். அதற்கேற்ற உடல்வலுவை முதலில் ஏற்றுவார். அணியாக ஆடுவது தவிர ஒவ்வொரு மாணவனையும் தனியே நிறுத்தி அடிப்படைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்.

பங்கு எவ்வளவு?

பிட்டினோவின் கைவண்ணம் தற்செயலானதன்று என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1985இல் அவர் பிராவிடன்ஸ் கல்லூரிக்கு வந்தபோது பில்லி டோனவன் என்ற மாணவர் அங்கே இரண்டு ஆண்டு ஆடி முடித்திருந்தார். இரண்டாம் ஆண்டுச் சராசரி 3.2 புள்ளிகள்தான். வேறு கல்லூரிக்கு மாறிவிடலாமா என்றுகூட எண்ணியவர். முதலில் உடல் எடையைக் குறைக்கச் சொன்னார் பிட்டினோ. அடுத்த ஆண்டு சராசரி 15.1, அதற்கடுத்த ஆண்டு 20.6. 1987இல் பிராவிடன்ஸ் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. மாணவரும் கல்லூரியும் அதே, மாறியது பயிற்சியாளர். இவ்வளவு தெளிவான ஒப்பீடு விளையாட்டில் எளிதில் கிடைக்காது.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி கல்லூரி ஆட்டம் முழுவதற்கும் வந்தது 1986-87 பருவத்தில்தான். அந்தப் புது விதி டோனவனுக்கும் கை கொடுத்தது. அதை மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டு பயன்படுத்தியது பயிற்சியாளரின் சாமர்த்தியம். விதி அவர் போட்டதன்று.

ஸ்மித்தின் கதையிலும் மற்றவர்களுக்குப் பங்கு உண்டு. பிட்டினோவுக்கு முன்பே நியூயார்க்கின் ஆர்ச்பிஷப் மொல்லாய் பள்ளியில் அவருக்குப் பயிற்சி அளித்தவர் ஜாக் கர்ரன். அதே பள்ளியில் 55 ஆண்டுகள் பணியாற்றி, பணியில் இருக்கும்போதே 2013 மார்ச்சில் காலமானவர். அவரைப் பற்றித் தொலைக்காட்சியில் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிறகு லூயிவில்லின் துணைப் பயிற்சியாளர்கள், சக வீரர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் பார்க்காத நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை பந்தை எறிந்த கை ஸ்மித்துடையது. அதே பயிற்சியாளரிடம் அதே பயிற்சி பெற்ற எல்லோரும் அப்படி உயர்ந்துவிடவில்லையே!

வீழ்ச்சி

2013 ஏப்ரலில் அட்லாண்டா நகரில் மிச்சிகன் அணியை 82-76 என்று வென்று லூயிவில் தேசியக் கோப்பையைப் பெற்றது. அதே ஆண்டில் கூடைப்பந்து உலகின் புகழ் மண்டபத்திலும் பிட்டினோவின் பெயர் சேர்ந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 2015இல் வெளிவந்த ஒரு புத்தகம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அணியில் சேர வரும் பள்ளி மாணவர்களை மயக்குவதற்காக, அணியின் அலுவலர் ஒருவர் மாணவர் விடுதிக்குள்ளேயே பெண்களைப் பணம் கொடுத்து வரவழைத்தார் என்பது குற்றச்சாட்டு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் விசாரித்து, 2010 முதல் 2014 வரை அது நடந்தது உண்மை என்று கண்டது. தமக்கு எதுவும் தெரியாது என்றார் பிட்டினோ. தம் கீழே வேலை செய்பவரைக் கண்காணிக்கத் தவறியதே குற்றம் என்றது சங்கம். 2018 பிப்ரவரியில் 123 வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. 2013 கோப்பையும் போயிற்று. பெரிய கல்லூரிகளின் ஆண்கள் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் பறிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இதற்கிடையே 2017 செப்டம்பரில் வேறொரு வழக்கு கிளம்பியது. ஒரு மாணவன் லூயிவில்லில் சேருவதற்காக அவன் குடும்பத்துக்கு ஒரு காலணி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பணம் தர ஏற்பாடு செய்தனர் என்பது அரசுத் தரப்பின் வாதம். பிட்டினோ மீது வழக்கு இல்லை. ஆனாலும் அக்டோபரில் பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. 2022இல் தனி விசாரணைக் குழு ஒன்று அந்த இரண்டாவது விவகாரத்தில் அவர் விதி எதையும் மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. முதல் விவகாரத்தின் தண்டனை அப்படியே நிற்கிறது. அவர் கிரீஸ் நாட்டுக்குப் போய்ப் பயிற்சி தந்து, திரும்பி வந்து, 2023இல் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

தவறுகள் எல்லாம் ஒன்றா?

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். பயிற்சியாளரின் தவறு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அவற்றுள் மூன்று வகை உண்டு.

முதல் வகையில், முன்னேற்றத்துக்குக் காரணமே தவறுதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். ஊக்கமருந்து பிடிபட்டுப் பதக்கம் பறிபோயிற்று. அவருடைய பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் மருந்து கொடுத்ததை மறு ஆண்டு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அங்கே பயிற்சியின் பங்கு எது, மருந்தின் பங்கு எது என்று பிரிக்கவே முடியாது. பாராட்டுக்கு இடமில்லை.

இரண்டாம் வகையில், கற்பிக்கும் முறையே தவறு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் பாப் நைட் 1976இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வென்றவர். 1997இல் பயிற்சியின்போது அவர் ஒரு மாணவரின் கழுத்தில் கை வைத்த காட்சி 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பாயிற்று. "இனி ஒரு தவறும் பொறுக்க மாட்டோம்" என்று எச்சரித்த பல்கலைக்கழகம் அதே ஆண்டு செப்டம்பரில் அவரை நீக்கியது. இப்படிப்பட்டவரிடம் கற்று உயர்ந்தவர்களும் உண்டு. ஆனால் "அடித்ததால்தான் உயர்ந்தான்" என்று சொல்வது பொய்க் கணக்கு. அந்த முறையால் ஆட்டத்தையே விட்டுப் போனவர்களை யார் எண்ணினார்கள்?

மூன்றாம் வகையில், தவறு பயிற்சிக் களத்துக்கு வெளியே நடக்கிறது. லூயிவில் விவகாரம் இந்த வகை. விடுதியில் நடந்த அசிங்கம் ஸ்மித்துக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே அவருடைய முன்னேற்றத்தில் பிட்டினோவுக்குப் பங்கு உண்டு என்று சொல்வது உண்மையைச் சொல்வதே தவிர, நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பதன்று.

கணக்கின் மறுபக்கம்

ஆனால் கணக்கு என்றால் வரவு மட்டுமா? பற்றும் உண்டு. அந்த வீரர்களை உயர்த்திய அதே பயிற்சியாளரின் கவனக்குறைவால்தான் அவர்கள் வியர்வை சிந்தி வென்ற கோப்பை ஏட்டிலிருந்து போயிற்று. எய்தவன் இருக்க அம்பை நோவது போல, தண்டனையின் பெரும்பகுதி மாணவர்கள் தலையில் விழுந்தது. லூக் ஹான்காக், செனகல் நாட்டிலிருந்து வந்த கோர்கி டியெங் உள்ளிட்ட ஐந்து வீரர்கள் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் சமரசம் ஏற்பட்டது. அவர்களுடைய சொந்த ஆட்டக் கணக்குகளும், இறுதிக்கட்டத்தின் சிறந்த வீரர் என்று ஹான்காக் பெற்ற விருதும் திரும்பக் கிடைத்தன. கோப்பை மட்டும் திரும்பவில்லை.

"அவர் எத்தனை பேரை உருவாக்கினார் தெரியுமா?" என்று பேசுபவர்கள் இந்தப் பற்றுப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒருவர் நல்ல ஆசிரியர் என்பது அவர் நல்ல பொறுப்பாளர் என்பதற்குச் சான்றாகாது.

நம் வீடுகளுக்கு

நம் நாட்டில் சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் வழங்கப்படும் விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவரும் அதே துரோணர்தான். வில்வித்தையில் அவருக்கு நிகரில்லை என்பதையும் மறைக்காமல், விரலைக் கேட்டதையும் மறைக்காமல்தான் நம் முன்னோர் கதை சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் அந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று.

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம், பிள்ளையை மைதானத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். விசாரிக்க அக்கம்பக்கத்தில் உறவினர் இல்லை. கோச் சொல்வதே வேதம். இந்த நிலையில் மூன்று விஷயங்களை மனத்தில் வைப்பது நல்லது. பிள்ளை முன்னேறினால் முதல் பாராட்டு பிள்ளையின் உழைப்புக்கு. பிறகு ஆரம்பப் பள்ளியின் பி.டி. சாரிலிருந்து இன்றைய கோச் வரை எல்லோருக்கும். ஒரு பயிற்சியாளர் மீது புகார் வந்தால் அவர் வாங்கித் தந்த பதக்கங்களைப் பதிலாக ஏற்கக் கூடாது. புகாரைப் புகாராகவே விசாரிக்க வேண்டும். அந்தப் புகார் உண்மையென்று ஆனால், அவரிடம் கற்ற பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை.

"அவரிடம்தான் கற்றேன், அவர் செய்தது தவறு." இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்லலாம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.