விட நினைப்பவருக்கு மருந்து எங்கே?

"மனசு வச்சா விட்டுடலாம்" என்று புகைபிடிப்பவரிடம் சொல்லாத வீடு இருக்காது. மனசு வைத்தவர்களுக்கும் குறைச்சல் இல்லை. உலகில் புகையிலை பயன்படுத்தும் சுமார் 125 கோடிப் பேரில் 75 கோடிக்கும் மேற்பட்டோர் அதை விட விரும்புகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் முயன்றால், நூறு முயற்சிகளில் நான்குதான் தேறுகின்றன. மீதி 96-ஐயும் மன உறுதி இல்லாதவர் கணக்கில் எழுதிவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

இது குணக்கேடு அல்ல, நிகோடினின் வேலை. இழுத்த சில நொடிகளில் அது மூளையை எட்டிவிடும். நாளடைவில் மூளை அதற்குப் பழகிப்போய், கிடைக்காதபோது எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை என்று மனிதரைப் படுத்தி எடுக்கும். விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். சில வாரங்களில் அடங்கிவிடும். அந்தச் சில வாரங்களைத் தாண்ட வைப்பதுதான் சிகிச்சை.

அதற்கு நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச், வேரெனிக்லின், புப்ரோப்பியான் மாத்திரைகள் இருக்கின்றன. இன்னொன்று சைட்டிசின். லேபர்னம் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் இது, 25 நாளில் முடிந்துவிடும் மருந்து. பல்கேரியாவில் 1964 முதல் விற்பனையில் இருக்கிறது. பிரிட்டனின் மருந்துக்கடைகளுக்கு வந்து சேர்ந்ததோ 2024-இல்! மருந்து இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. சூயிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்களில் பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லுகிறார்கள். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கல், நெஞ்செரிச்சல்தான் மிச்சம். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் காரம்போல ஒரு சுருக்கென்ற உணர்வு வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த உணர்வு மறைந்த பிறகு மறுபடி மெல்லலாம். ஒரு கம் அரைமணி நேரம் வரும். மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே காப்பி, ஜூஸ் கூடாது. குடித்தால் நிகோடின் வாயில் சரியாக ஏறாது. காலையில் எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம். 4 மில்லிகிராம் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதையெல்லாம் யாராவது இரண்டு நிமிடம் சொல்லித்தந்திருந்தால், "கம் போட்டேன், ஒண்ணும் ஆகலே" என்று கைவிட்டவர்களில் பலர் தொடர்ந்திருப்பார்கள்.

சிகிச்சை தருவதாக உலக நாடுகள் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2005-இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, விட விரும்புவோருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. நிகோடின் கம்மும் பேட்சும் 2009-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. பெரியவர்களுக்கான அதன் முதல் சிகிச்சை வழிகாட்டி 2024 ஜூலையில்தான் வந்தது. அப்போதும் விட நினைப்பவர்களில் நூற்றுக்கு 70 பேருக்குப் பலன் தரும் உதவி எட்டவில்லை. விலை ஏற்றவும் எச்சரிக்கைப் படம் போடவும் காட்டிய வேகத்தை அரசுகள் சிகிச்சையில் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் சிக்கல் இன்னும் கூடுதல். 2016-17 ஆய்வின்படி இந்தியாவில் ஏறக்குறைய 26.7 கோடிப் பெரியவர்கள் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்களைவிட மெல்லுபவர்களும் வாயில் அடக்குபவர்களுமே அதிகம். பீடி, வெற்றிலைப் புகையிலைக்காரர்களில் பலர் கூலிவேலை செய்பவர்கள். தொடக்கத்தில் நாளுக்கு எட்டுப் பத்து கம் தேவைப்படும். அந்தச் செலவு ஒரு கட்டுப் பீடியைவிட அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்குவதுபோல இதையும் இலவசமாக வாங்க முடிகிற நாளில்தான் கூலித்தொழிலாளிக்கு இது சிகிச்சை; அதுவரை வசதி உள்ளவருக்கு மட்டுமே.

காசில்லாமல் கிடைக்கும் உதவி ஒன்று இருக்கிறது: 1800-11-2356. 2016-இல் தொடங்கிய தேசிய உதவி எண், தமிழிலும் பேசலாம். ஆலோசகர் விடும் நாளைக் குறித்துக்கொடுத்து, பிறகு அவரே அழைத்தும் விசாரிப்பார். இந்த எண்ணை சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் விட நினைப்பவர் இருந்தால், அடுத்த முறை அறிவுரைக்குப் பதில் இந்த எண்ணைப் போட்டுப் போனைக் கையில் கொடுங்கள்.