ஃபோர்மட் பண்ண முதல்

போன எபிசோட்டில டூயல் பூட் பற்றிக் கதைக்கேக்க நேரம் போதாமல் விட்ட பகுதி இது. ஒரே லாப்டொப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலம் ஒரு சனிக்கிழமை, இங்கே வெக்ஸ்போர்ட்டில் சித்தி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தம்பி லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, கறுப்பு ஸ்கிரீன் மட்டும்தான் வருது. க்ரப் எண்டு எழுதியிருக்கு." கேமுக்கு இடம் காணாதெண்டு விண்டோஸுக்குள் இருந்தே உபுண்டு பார்ட்டிஷனை அழித்திருக்கிறான். அம்மம்மா தன் ஊர்க்கதைகளைச் சொன்ன ஒலிப்பதிவுகள் விண்டோஸ் பக்கம் இருந்தன. அம்மம்மா இப்ப இல்லை. வேறு கொப்பியும் இல்லை.

இதுதானே என் வேலை என்ற துணிவில், யோசிக்காமல் பயொஸுக்குள் போய் செக்யூர் பூட்டை ஓஃப் பண்ணிவிட்டு விண்டோஸைத் தொடங்கினேன். நீலத் திரை வந்து 48 இலக்க பிட்லொக்கர் மீட்புச் சாவியைக் கேட்டது. "அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது" என்றான். மைக்ரோசொஃப்ட் கணக்கில் லொகின் பண்ணினால் பல லாப்டொப்கள் தாமாகவே டிஸ்கைப் பூட்டிவிட்டு, சாவியை அந்தக் கணக்கில் வைக்கும். அவனுடைய கணக்கு ஹைஸ்கூல் கால ஈமெயிலில். பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.

இரண்டு மணித்தியாலம் போனபிறகுதான் மூளை வேலை செய்தது. நான் செய்த ஒரே மாற்றத்தைத் திருப்பினேன். செக்யூர் பூட்டை ஓன் பண்ணி, பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரிவுசெய்தேன். திறந்தது. டிபிஎம் சிப், செக்யூர் பூட்டின் நிலை மாறியதால் சாவியைத் தர மறுத்தது. பழைய நிலை வந்ததும் தந்தது.

பூட் என்பது ரிலே ரேஸ் மாதிரி. யூஈஎஃப்ஐ ஓடிவந்து ஷிம்மிடம் கோலைக் கொடுக்கும், ஷிம் க்ரப்பிடம், க்ரப் லினக்ஸிடம். ஒருவர் கோலை விட்டால் ஓட்டம் நிற்கும். அதற்காக டிஸ்கில் உள்ளது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இதற்கு நல்ல உதாரணம் 2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட். க்ரப்பில் 2022இல் வெளிவந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் எஸ்பாட் விதியை அது புதுப்பித்தது. டூயல் பூட் கணினிகளுக்குப் பிரச்சினை வராது என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் பக்கம் திறக்கவில்லை.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம்: அந்த விதி டிஸ்கில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருந்தது. டிஸ்கை ஃபோர்மட் பண்ணி, அதே பழைய யூஎஸ்பியைப் போட்டாலும் அதே எரர்தான் வரும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், மொக்யூட்டில் என்ற கருவியால் எஸ்பாட் விதியை அழித்து, பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் ஓன் பண்ணினவர்கள் தப்பினார்கள். நிரந்தரத் திருத்தம் 2025 மே மாதம்தான் வந்தது.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கோ:

1. எதையும் தொட முதல், போனில் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து பிட்லொக்கர் சாவியை எழுதி வையுங்கோ.

2. திரையில் உள்ளதைப் படம் எடுங்கோ. க்ரப் என்று மட்டும் நின்றால், அது தேடும் லினக்ஸ் பார்ட்டிஷன் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஷிம், செக்யூரிட்டி என்று வந்தால் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கோ. பூட் டிவைஸ் இல்லை என்றால், பயொஸில் டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கோ.

3. பூட் மெனுவில் மற்ற ஓஎஸ்ஸைத் தொடங்கிப் பாருங்கோ.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். சரிவராவிட்டால் அதைத் திருப்பிவிட்டு அடுத்ததுக்குப் போங்கோ.

5. திறந்ததும் முதலில் கொப்பி எடுங்கோ. திருத்துவது பிறகு.

அம்மம்மாவின் குரல் இப்ப மூன்று இடத்தில் இருக்கு. அதில் ஒன்று சித்தியின் அலுமாரியில், யூஎஸ்பியில். உங்கட சாவி எங்கே இருக்கு? இண்டைக்கே தேடிப் பாருங்கோ.