இரும்பில் ஒட்டினால் ஊமையாகும் டேக்

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வருகிறவர்களுக்குச் செங்கல்பட்டு நெருங்கிவிட்டது என்று சொல்வது பரனூர் சுங்கச்சாவடி. அந்தப் பகுதியில் சாலையும் ரயில் பாதையும் அடுத்தடுத்தே போகின்றன. சாலையில் வரிசை கட்டி நிற்கும் கார்களின் முன்கண்ணாடியில் ஃபாஸ்டேக் இருக்கிறது. சரக்கு வேகன்களிலும் ரயில்வே இதே இனத்து டேக்கைப் பொருத்திவருகிறது. இரண்டும் ரேடியோ அலையால் அடையாளம் காணும் ஆர்.எஃப்.ஐ.டி. என்ற ஒரே தொழில்நுட்பம்தான். ஆனால் காரில் இருப்பது உரித்தால் கிழிந்துபோகும் மெல்லிய ஒட்டுத்தாள். வேகனில் இருப்பது கெட்டியான உறைக்குள் அடைத்த கனத்த வில்லை. காரில் உள்ள தாளைக் கொண்டுபோய் வேகனின் இரும்புத் தகட்டில் ஒட்டினால், டேக்கைப் படிக்கும் கருவியான ரீடருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ரீடரைத் தகட்டோடு உரசுகிற அளவுக்குக் கொண்டுபோனால் ஒருவேளை தெரியலாம். கடையில் காசு கொடுத்து வாங்கும் டேக் பாதிக் கருவிதான்; அது எந்தப் பரப்பின் மேல் உட்காருகிறதோ அந்தப் பரப்பு மீதிப் பாதி. நம் நாட்டில் இந்தத் தொழில்நுட்பத்துக்குச் செலவழிக்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, இரண்டாம் பாதியை ஏணியில் ஏறி ஒட்டும் தொழிலாளியின் கைக்கு விட்டுவிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த வகை டேக்கில் பேட்டரி கிடையாது. அதற்குள் இருப்பவை கடுகளவுகூட இல்லாத ஒரு சிப்பும், அதன் இருபுறமும் நீளும் உலோக இழை ஆன்டெனாவும் மட்டுமே. ரீடர் வீசும் ரேடியோ அலையை ஆன்டெனா வாங்கிச் சிப்புக்கு மின்சாரமாகக் கொடுக்கிறது. சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்ல, அது அதே ஆன்டெனா வழியாகத் திரும்பிப் போகிறது. உணவும் பேச்சும் ஒரே வாய் வழி என்பதால் ஆன்டெனா கெட்டால் இரண்டும் போயிற்று. சிப்புக்குத் தேவையான மின்சாரம் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தச் சொற்பம் கிடைக்காமல் போகவும் பெரிய காரணம் தேவையில்லை. இந்தியாவில் இதற்காக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை 2005-ல் உரிமம் வாங்கத் தேவையில்லாததாக அரசு அறிவித்தது. ரீடர் எவ்வளவு வலுவாக அலை வீசலாம் என்பதற்கும் அப்போதே வரம்பு வைத்துவிட்டார்கள். ஆகவே, டேக் படிக்கவில்லையா, ரீடரின் வலுவைக் கூட்டு என்று போய்க்கொண்டே இருக்க முடியாது. இந்த அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். இந்த எண் அடுத்து வரும் கணக்குக்கு வேண்டும்.

சுவரில் இருக்கும் கொக்கியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து உதறிப் பாருங்கள். கயிறு முழுக்க ஆடும். கொக்கியில் கட்டிய இடம் மட்டும் ஆடாது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளிப் பார்த்தால் ஆட்டம் மிகக் கொஞ்சம். ஒரு முழம் தள்ளினால் நன்றாக ஆடும். உலோகத் தகட்டில் மோதும் ரேடியோ அலையின் மின்புலமும் அப்படித்தான். தகட்டின் பரப்பில் அது ஆட முடியாது. அங்கே அதன் அளவு பூஜ்யம். ஒட்டுத்தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதால், டேக்கின் ஆன்டெனா அந்தப் பூஜ்யத்தின் மேலேயே படுத்துக்கிடக்கிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. ஆன்டெனாவில் ஓடும் மின்னோட்டம் தனக்கு நேர் எதிரான ஒரு மின்னோட்டத்தை அடியில் உள்ள தகட்டில் கிளப்பிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே வடிவமைப்பாளர் கணக்குப் பார்த்து வைத்த பொருத்தமும் இதில் குலைந்துபோகிறது. ஆய்வுக்கூடத்தில் பல மீட்டர் தூரத்திலிருந்து படித்த டேக், தகட்டில் ஒட்டியதும் ஊமையாவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

தகட்டிலிருந்து கால் அலைநீளம், அதாவது சுமார் 9 சென்டிமீட்டர், தள்ளி நிறுத்தினால் நிலைமை தலைகீழாகிவிடும். நேராக வரும் அலையும் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் அங்கே கூடிக்கொள்வதால், உலோகமே இல்லாதபோது படித்ததைவிட நன்றாகப் படிக்கும். ஆனால் இயந்திரத்தின் உடம்பிலிருந்து 9 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும் டேக் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஏதாவது தட்டி உடைந்துவிடும். அதனால்தான் மெட்டல் டேக் என்று தொழிலில் சொல்லப்படும் தனி இனம் பிறந்தது. அதில் ஆன்டெனாவுக்கும் தகட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் தடிமனில் நுரைப் பொருளோ பிளாஸ்டிக்கோ செராமிக்கோ வைக்கிறார்கள். ஆன்டெனாவின் வடிவத்தையும் மாற்றி, அடியில் இருக்கும் உலோகத்தையே அதன் ஓர் அங்கமாக்கிவிடுகிறார்கள். செராமிக் வைத்தால் டேக்கைச் சிறிதாக்கலாம், ஆனால் விலை ஏறும். இப்படிச் செய்த டேக்குகளில் பலவற்றை உலோகத்திலிருந்து கழற்றி மரப்பலகையில் வைத்தால் படிக்கும் தூரம் குறைந்துபோகிறது. உலோகம் ஆர்.எஃப்.ஐ.டி.க்குப் பகை என்று பொதுவாகச் சொல்வது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கணக்கில் சேர்க்காத உலோகம்தான் பகை. உங்கள் கைப்பேசியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. தட்டிப் பணம் கட்ட உதவும் என்.எஃப்.சி. சுருள், பேட்டரியின் உலோக உறைக்கு மிக அருகிலேயே இருந்தாலும் வேலை செய்கிறது. இடையில் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான மெல்லிய தகடு இருப்பதால். அங்கே அலைவரிசை வேறு, தீர்வும் வேறு. அடியில் இருப்பது என்ன என்று முதலில் கேட்ட அக்கறை மட்டும் பொதுவானது.

சாலைக்குத் திரும்புவோம். காரின் உடம்பு முழுக்க இரும்பு. அலை நுழையக் கிடைத்த ஜன்னல் முன்கண்ணாடி. ஃபாஸ்டேக் கண்ணாடிக்கென்றே செய்யப்பட்டது. உள்பக்கம், நடுவில், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம் ஒட்டச் சொல்வதற்குக் காரணம், அது ரீடரை நேராகப் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள இரும்புச் சட்டத்திலிருந்து விலகியும் இருக்க வேண்டும் என்பதே. சில கார்களில் வெயில் சூட்டைத் தடுக்க முன்கண்ணாடியிலேயே கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். அதில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டினால் டேக் படிக்காது. பூச்சு இல்லாமல் விட்டிருக்கும் சிறு பகுதியைத் தேடித்தான் ஒட்ட வேண்டும். பழைய டேக்கைக் கிழிக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டுவதும் தவறு. ஒன்றின் ஆன்டெனா மற்றதைக் கெடுக்கும். ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டும் ஓட்டிகளின் டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் நடைமுறையைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தபோது, எரிச்சல்பட்டவர்கள் பலர். ஒரே டேக்கைப் பல வண்டிகளுக்குக் காட்டும் முறைகேட்டைத் தடுப்பது அதில் ஒரு நோக்கம். ஆனால் தொழில்நுட்பமும் அதன் பக்கமே நிற்கிறது. கையில் பிடித்த டேக், விரல் ஈரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே கணத்துக்கொரு கோணத்தில் இருக்கும். இன்றைக்கு டேக் படிக்காவிட்டால் ஊழியர் கையடக்க ரீடரோடு எட்டிப் பார்க்கிறார். தடுப்புக் கம்பமே இல்லாமல் வண்டிகள் ஓடிக்கொண்டே கட்டணம் செலுத்தும் முறைக்கு குஜராத்தின் சோர்யாசி சுங்கச்சாவடியில் 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் கேமராவோடு ஃபாஸ்டேக் ரீடர் உண்டு. எட்டிப் பார்க்க ஆள் இல்லாத அந்த நாள் வரும்போது, ஒட்டிய இடம் சரியாக இருந்தால்தான் பிழைப்போம்.

மறைமலைநகர், மகேந்திரா வேர்ல்ட் சிட்டி போன்ற தொழிற்பகுதிகளிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் இன்னும் சுவையான கதை. ஆலையிலேயே கன்டெய்னருக்குச் சீல் வைத்து அனுப்பும் ஏற்றுமதியாளர்கள் ஆர்.எஃப்.ஐ.டி. சீல்தான் போட வேண்டும் என்று சுங்கத் துறை 2017-ல் விதி கொண்டுவந்தது. கன்டெய்னரைப் போல முழுக்க முழுக்க எஃகாலான பொருள் வேறு எது? அதன் மேல் இந்தச் சீல் எப்படிப் பேசுகிறது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். விரல் தடிமனில் ஓர் எஃகு ஆணி. அதைக் கவ்விக்கொள்ளும் பூட்டுப் பகுதி. அதோடு சேர்ந்த பிளாஸ்டிக் உடல். கதவின் கைப்பிடித் துளையில் ஆணியைச் செருகி அழுத்தினால், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். சிப்பும் ஆன்டெனாவும் பிளாஸ்டிக்குக்குள் இருக்கின்றன. கதவுத் தகட்டைத் தொடாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது அந்தப் பகுதி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் பிடி என்றுதான் தோன்றும். அந்த இடைவெளியை வைத்துத்தான் சீல் உயிரோடு இருக்கிறது. பூட்டும் ஆள் அதைத் தகட்டோடு மடித்துத் திணித்தால் துறைமுக வாசலில் லாரி நின்றுவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கியூ.ஆர். கோடு ஒட்டினால் இரும்பானால் என்ன, மரமானால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சமையல் எரிவாயு சிலிண்டரில் கியூ.ஆர். கோடு வைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. சிலிண்டரை ஒரு மனிதர் கையால் தூக்கி வீட்டு வாசலில் வைக்கிறார், அவரே கைப்பேசியைக் காட்டிப் படித்துக்கொள்ளலாம் என்பதால் அது பொருந்தும். ஆனால் ஓடும் ரயிலுக்கு அது பொருந்தாது என்பதை அமெரிக்கர்கள் பெரும் செலவு செய்து கற்றுக்கொண்டார்கள். கார்ட்ராக் என்ற வண்ணப் பட்டை முறையை அங்கே 1967-ல் ரயில் பெட்டிகளுக்கெல்லாம் கொண்டுவந்தார்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கும் ஒளிக்கருவி அந்தப் பட்டையைப் படிக்கும். சில ஆண்டுகளிலேயே அழுக்கும் கீறலும் சேர்ந்து ஐந்தில் ஒரு பட்டையைப் படிக்க முடியாமல் போக, 1970-களின் இறுதியில் கைவிட்டார்கள். பிறகு 1990-களில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம், இரும்புக்கென்றே செய்த ரேடியோ டேக். நிலக்கரித் தூசியும் சிமென்ட் தூசியும் படிந்த வேகனில் ஒளியால் படிப்பதைவிட அலையால் படிப்பது நிச்சயம். தூசி அலையைத் தடுப்பதில்லை. இரும்பு தடுக்கும் என்பதால் வேகனின் இரண்டு பக்கமும் டேக் வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் விலை. மெட்டல் டேக் ஒட்டுத்தாளைவிடப் பல மடங்கு விலை என்பது உண்மை. நம் ரயில்வே 2017 வாக்கில் போட்ட மதிப்பீட்டைப் பார்ப்போம்: சுமார் 2.25 லட்சம் வேகன்கள், 50,000 பயணிகள் பெட்டிகள், 9,000 இன்ஜின்கள். செலவு ஏறக்குறைய 57 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் வண்டி ஒன்றுக்கு 2,000 ரூபாய். ஒரு வேகனின் விலையே பல லட்சம். அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் யார்டில் வீணாகும் ஒரு நாளோடு ஒப்பிட்டால் இந்த 2,000 ரூபாய் பெரிதல்ல. மலிவாக ஒட்டுத்தாள் வாங்கிப் பாதி படிக்காமல் போனால், படிக்காத பாதிக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. எந்தப் பாதி படிக்கவில்லை என்று தெரியாது என்பதால் முழுக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகி, மறுபடி நோட்டும் பேனாவுமாக ஆள் போட வேண்டியதாகிவிடும்.

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே மாமல்லபுரம் கரைக்கு வந்தால் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. 2013-ல் தொடங்கிய நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், 2024-ல் திறந்த அதன் இரண்டாவது ஆலை, கல்பாக்கம் அணுமின் நிலையம் என்று குழாயும் பம்பும் வால்வும் நிறைந்த கரை இது. இப்படிப்பட்ட இடங்களில் எந்த வால்வை எப்போது பராமரித்தோம் என்று கண்காணிக்க மெட்டல் டேக்கைவிட ஏற்ற வழி அரிது. ஆனால் இங்கே உப்புக்காற்று வருடம் முழுக்க வீசுகிறது. டேக்கின் மேல் படியும் உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். அதுவும் அலையைக் கெடுக்கும். அடியில் இருக்கும் இரும்பைக் கவனித்தவர் மேலே படியும் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். உறை தடிமனாகவும் தண்ணீர் தேங்காத வடிவிலும் இருக்க வேண்டும். பசையை நம்பி ஒட்டினால் வெயிலில் அது இளகும், ஓரத்தில் ஈரம் புகுந்து அடியில் துரு பூக்கும். துரு தகட்டைத் தூக்கும்போது டேக்கும் சேர்ந்து போகும். ரிவெட் அடிக்கலாம் என்றால் அலுமினிய ரிவெட்டும் இரும்புத் தகடும் உப்பு ஈரத்தில் சேரும்போது ரிவெட் அரித்துப்போகும். அழுத்தம் தாங்கும் குழாயிலும் கலத்திலும் துளை போடவே முடியாது. அங்கே பட்டை கட்டியோ, பாரம் தாங்காத வளையத்திலோதான் மாட்ட வேண்டும். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி அரிப்பை அளந்திருக்கிறது. அந்த அறிவு நம் வீட்டிலேயே இருக்கும்போது, குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் சோதித்த சான்றிதழை மட்டும் நம்பிக் கடற்கரைக்கு டேக் வாங்குவதை ஏற்க முடியாது.

ஆகவே டேக் வாங்குகிற ஆலைகளும் அரசுத் துறைகளும் டெண்டரில் சிப்பின் பெயரையும் விலையையும் எழுதுவதோடு நிறுத்தாமல், எந்த உலோகம், எவ்வளவு தடிமன், பெயின்ட் அடித்ததா, எந்தக் காற்று, பசையா ரிவெட்டா பட்டையா என்பதையும் எழுத வேண்டும். பத்து டேக்குகளை அதே பரப்பில், அதே வெயிலில், ஒரு மழைக்காலம் முடியும்வரை மாட்டிவைத்துப் படித்துப் பார்த்த பிறகே பத்தாயிரத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒட்டப்போகிற தொழிலாளிக்கும் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். அவருடைய கை தவறினால் பொறியாளரின் கணக்கும் தவறும். காரில் போகிற வாசகர்கள் இன்றைக்கே ஒருமுறை தங்கள் ஃபாஸ்டேக் இருக்கும் இடத்தைப் பார்த்துவிடுங்கள். அது டாஷ்போர்டில் கிடந்தாலோ, பழைய டேக்கின் மேல் ஏறியிருந்தாலோ, அடுத்த சுங்கச்சாவடிக்கு முன்னால் கண்ணாடியின் நடுவில் அதற்குரிய இடத்தில் ஒட்டிவிடுங்கள்.