தஞ்சைச் சுவரோவியத்தில் கானகம்

தரங்கம்பாடிக் கடற்கரை முதல் தஞ்சை வரை பரந்துள்ள காவிரிப் புனல்நாடு நெய்தலும் மருதமும் அடுத்தடுத்து அமைந்த நிலமாகும். மலைசார்ந்த கானம் ஈண்டு இல்லை. ஆயினும், தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் கானகக் காட்சியொன்று தீட்டப்பெற்றுள்ளது. அதன் அமைப்பும் உணர்வும் எத்தகையன என்பதனை ஆராய்வோம்.

கி.பி. 1010-இல் நிறைவெய்திய அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர்கால ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர் எஸ். பரமசிவன் செய்த வேதியியல் ஆய்வு, இவை சுண்ணச் சாந்தின் ஈரம் புலருமுன் தீட்டப்பெற்றவை எனக் காட்டிற்று. சாந்து இறுகுங்கால் வண்ணமும் அதனோடு ஒன்றி இறுகிவிடும்; பின்னர்த் திருத்துதல் அரிது. ஆதலின் ஓவியன் கை தயங்குதற்கு இடமில்லை. வெண்சுண்ணம், கரி, காவி, மஞ்சள், பச்சைமண் முதலிய சில வண்ணங்களே துணையாக, கோடே முதன்மை பெற்றது.

காட்சியின் நடுவண் ஆலமர்செல்வனாகிய தென்முகக் கடவுள் வீற்றிருக்கின்றார். மரக்கிளைகளிற் குரங்குகளும் பறவைகளும் பாம்பும் இயங்குகின்றன. உயிரினங்களின் இவ்வசைவே இறைவனின் அசையாமையை நமக்கு உணர்த்துகின்றது. மௌனத்தை நேரே தீட்டுதல் இயலாது; அதனைச் சூழ்ந்த சலனத்தைத் தீட்டியே ஓவியன் அதனைப் புலப்படுத்தினான்.

இதனோடு பிறிதொரு மரபை ஒப்பிடுதல் பயன்தரும். 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியில் டேனிய ஆளுநராயிருந்த பீட்டர் ஆங்கர், தென்னாட்டுக் கோயில்களையும் நிலக்காட்சிகளையும் ஐரோப்பிய முறையில் வரைந்தார். அம்மரபு ஓரிடத்தில் நின்று காண்பான் ஒருவனின் கண்ணுக்குக் கட்டுப்பட்டது. சேய்மையிலுள்ளன சிறுத்தும் மங்கியும் தோன்றும். சோழ ஓவியத்திலோ அத்தகைய சேய்மை இல்லை. இதுபற்றி அதனைக் குறைபாடுடையது என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது என்பது நம் கருத்து.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்று வகுத்தார். புலவன் காட்டின் பரப்பை அளந்து காட்டுவதில்லை. மரமும் விலங்கும் புள்ளுமாகிய கருப்பொருள் சிலவற்றால் உரிப்பொருளை விளங்கவைக்கின்றான். தஞ்சை ஓவியன் நெறியும் அதுவே. அவன் இலக்கணம் பயின்றான் என்று நாம் கூறவில்லை. இருவரும் ஒரே வழியிற் சென்றனர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. ஆகவே, இவ்வோவியத்தைக் கண்ணளவைகொண்டு மட்டும் அளத்தல் சாலாது. திணைநெறி அறிந்தார்க்கே அதன் கானகம் முழுதும் புலனாகும்.