பேரேட்டு மேசையும் இரண்டாம் திரையும்

சென்ற ஆண்டு துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு, லேக் மார்க்கெட் பகுதியில் பல்லாண்டுகளாக வாழும் தமிழ் வணிகர் ஒருவர் மடிக்கணினியுடன் என் எதிரே வந்து அமர்ந்தார். திருப்பூரிலிருந்து பனியன் வகைகளை வரவழைத்துக் கொல்கத்தாவில் விற்பவர். “சார், பணம் வேறு ஆளுக்குப் போய்விட்டது” என்றார். தொகை 68,000 ரூபாய்.

நடந்தது இதுதான். சரக்குப் பட்டியல் ஒரு சாளரத்தில் இருந்தது. இணைய வங்கிப் பக்கம் மற்றொன்றில். சிறிய திரையாதலால் ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறைந்துவிடும். பட்டியலை மூடிவிட்டு, பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, பெறுநர் வரிசையில் ஏறத்தாழ அதே பெயருடைய பழைய வணிகரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தவறிச் சென்ற தொகையைப் பெற்றவரின் ஒப்புதலின்றி வங்கி தானாகத் திரும்ப எடுத்துவிட இயலாது. பெற்றவர் நாணயமானவர், ஒன்பது நாளில் திருப்பி அனுப்பினார். அதுவரை புதிய வணிகர் மூட்டைகளை அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார். பூஜைக்கு முந்தைய ஒன்பது நாள் கொல்கத்தாத் துணிக்கடைக்காரருக்கு என்ன என்பதை இங்கு வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

அவர் சென்ற பிறகு என் மேசையை அளந்து பார்த்தேன். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள பழைய தேக்கு மேசை. 1,800 சதுர அங்குலம். அவருடைய 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர அங்குலம்தான். ஒரு மேசையின் பரப்பு அத்தகைய பதினேழு திரைகளின் பரப்புக்கு ஏறத்தாழ ஈடாகும். பேரேட்டைத் திறந்து, பக்கத்தில் செலுத்துச் சீட்டை வைத்து, வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்த்த தலைமுறைக்கு அந்தப் பரப்பு இயல்பாகவே கிடைத்தது. கணினி வந்தபோது வேகம் கூடிற்று, மேசை சுருங்கிற்று.

திரையே இல்லாத காலமும் உண்டு. இதே நகரின் வடக்கே, பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1956இல் இயங்கத் தொடங்கிய எச்.இ.சி.-2எம், இந்தியாவின் முதல் மின்னணு எண்முறைக் கணினியாகக் கருதப்படுவது. அதில் திரையைப் பார்த்து வேலை செய்யும் வழக்கமே கிடையாது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1986இல், அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் ‘ரூம்ஸ்’ என்ற ஏற்பாட்டை வெளியிட்டார்கள். சிறிய திரையில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிவதை அவர்கள் கண்டார்கள். ஒரு வேலைக்கு ஒரு தொகுதிச் சாளரங்களே தேவைப்படுகின்றன என்பதால், வேலைக்கொரு ‘அறை’ அமைத்து அறைவிட்டு அறை செல்லும்படி செய்தார்கள். ஆப்பிள் கணினிகளில் 2007இலும் விண்டோஸ் 10இல் 2015இலும் இடம்பெற்ற மெய்நிகர் மேசை வசதி இந்த எண்ணத்தின் வழிவந்ததே.

இரண்டும் இடத்தைப் பெருக்குவன என்றாலும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது என்பது என் கருத்து. ஒப்பிட வேண்டியவை ஒரே பார்வையில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டாம் திரை. பட்டியல் இடப்புறம், வங்கிப் பக்கம் வலப்புறம் என்றிருந்தால் நினைவாற்றலுக்கு வேலையில்லை, கண்ணே சரிபார்த்துவிடும். கலந்துவிடக் கூடாதவற்றைப் பிரித்து வைக்க மெய்நிகர் மேசை. கடைக் கணக்கு ஒன்றில், குடும்பத்தின் வருமான வரிக் கணக்கு மற்றொன்றில் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலை ஒரு மேசையிலும் வங்கிப் பக்கத்தை இன்னொன்றிலும் வைத்தால் அந்த வணிகர் செய்த அதே பிழையைப் புதிய கருவியால் செய்தவராவோம்.

செலவின்றித் தொடங்கலாம். விண்டோஸ் விசையுடன் இடது அம்பு விசையை அழுத்தினால் திறந்திருக்கும் சாளரம் பாதித் திரைக்கு ஒதுங்கும். மறுபாதியில் மற்றதை வைக்கலாம். விண்டோஸ், கண்ட்ரோல், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய மெய்நிகர் மேசை உருவாகும். விண்டோஸ், கண்ட்ரோல் இரண்டுடன் அம்பு விசைகளை அழுத்தி மேசைகளிடையே செல்லலாம். வெளித்திரையை இணைத்தபின் விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி, ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘டூப்ளிகேட்’ என்று விட்டுவிட்டால் இரு திரைகளிலும் ஒரே காட்சிதான் தெரியும். பலர் ஏமாற்றமடைந்து திரையைத் திருப்பிக் கொடுப்பது இதனால்தான். வாங்குமுன் மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. துளை உள்ளதா என்று பாருங்கள். எல்லா யு.எஸ்.பி.-சி துளைகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை.

வங்கி அலுவலராக ஓர் எச்சரிக்கை. மெய்நிகர் மேசை பூட்டுள்ள அறையன்று. மறைந்திருக்கும் மேசையிலும் நிரல்கள் இயங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றில் நகலெடுத்ததை மற்றொன்றில் ஒட்டலாம். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை எவரேனும் நிறுவச் சொல்லி, நாமும் நிறுவிவிட்டால், எத்தனை மேசைகளாகப் பிரித்திருந்தாலும் அனைத்தும் அவர் கைக்கு எட்டும். எனிடெஸ்க் செயலி வழியே நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. காணொலிக் கூட்டங்களில் முழுத் திரையைப் பகிராமல், தேவையான சாளரத்தை மட்டும் பகிர்வது நல்லது.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். மின்னணுப் பரிமாற்றத்தில் பணம் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது, பெயரைக் கொண்டன்று. 11 இடங்கள் கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் ஐந்தாம் இடத்தில் வருவது சுழியம், ‘ஓ’ எழுத்தன்று. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழி அனுப்புவோர் பெறுநரின் பெயரை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் வங்கிகள் வழங்க வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. திரையில் தோன்றும் அந்தப் பெயரைப் பக்கத்திலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டால்தான் அதனால் பயன்.

நம் வணிகர் சாந்தினி சௌக் சந்தையில் பழைய 22 அங்குலத் திரையொன்றை வாங்கினார். முதல் இரண்டு நாள் சுட்டிக்குறி காணாமற் போகிறதென்று தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார். திரை மேசையின் இடப்புறம் இருந்தது. கணினியோ அதை வலப்புறம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. காட்சி அமைப்பில் படத்தை இழுத்து இடம் மாற்றியதும் சரியாயிற்று. இப்போது பட்டியலை அந்தத் திரையில் வைத்துக்கொண்டே பணம் அனுப்புகிறார். கடைக்கு வருவோர் கண்ணில் கணக்கு படாதவாறு, திரையின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.