“சிக்னல் நல்லாத்தான் இருக்குக்கா!”

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் பீடி சுற்றிக்கொண்டே சீரியல் பார்க்கும் வீடுகள் ஏராளம். ஃபைபர் இணைப்பிலேயே டி.வி.யும் வரும் காலம் இது. ராத்திரி எட்டு மணிக்கு, கதை சூடுபிடிக்கும் நேரத்தில் நாயகியின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறும். வசனம் முடிந்த பிறகு உதடு அசையும்.

புகார் சொன்னால் மறுநாள் காலை இணைப்புக்காரத் தம்பி வருவார். மோடத்திலிருந்து ஃபைபர் வயரைக் கழற்றி, கையடக்க மீட்டரில் செருகுவார். மைனஸ் 21. “சிக்னல் நல்லாத்தான் இருக்குக்கா. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம் வரை இறங்கினாலும் சாதாரண ஃபைபர் மோடம் தாங்கும். ஆனால், அந்த மீட்டருக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டுமே. படத்தைக் காப்பாற்றுவது நேரம்.

இணைய டி.வி.யில் படம் 188 பைட் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஏழு துண்டுகள் சேர்ந்தால் ஒரு பாக்கெட். 8 எம்பிபிஎஸ் வேகத்தில் வரும் ஹெச்.டி. சேனல் என்றால் விநாடிக்குச் சுமார் 760 பாக்கெட்டுகள். எல்லாம் சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும். கொத்தாக வந்தால் செட்டாப் பாக்ஸின் பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) நிரம்பி வழியும், பிந்தினால் காலியாகும். இரண்டிலும் படம் சிதறும்.

இதை அளக்க வழி இல்லாமல் இல்லை. 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4445 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இரண்டே எண்களைக் கேட்கிறது: பாக்கெட்டுகளின் வரத்து எத்தனை மில்லி விநாடி முன்பின்னாகிறது, விநாடிக்கு எத்தனை துண்டுகள் தொலைகின்றன. அதே ஆண்டு பிராட்பேண்ட் நிறுவனங்களின் கூட்டமைப்பான டிஎஸ்எல் ஃபோரம் வகுத்த இலக்கு, ஹெச்.டி. படம் நான்கு மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் சிதறக் கூடாது என்பது. அதற்குள் 1 கோடியே 9 லட்சம் பாக்கெட்டுகள் ஓடிவிடும். அவ்வளவு கறாரான கணக்கு இது.

அந்தக் கணக்கைக் கிராமத்து வீட்டு வாசலில் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் நம் கவலை. விளம்பரத்தில் இருப்பது ‘100 எம்பிபிஎஸ்’ வேகம் மட்டும். ஊரே டி.வி. முன் உட்காரும் எட்டு மணி நெரிசலில் கெடும் படத்துக்கு, காலை பதினோரு மணிக்கு வெளிச்சத்தை அளந்து என்ன பயன்?

வீட்டு வைஃபைதான் காரணம் என்கிறார்கள் இணைப்பு தருபவர்கள். அதுவும் உண்டு. எனவே முதலில் செட்டாப் பாக்ஸை மோடத்தோடு வயரிலேயே இணைத்துப் பாருங்கள். அப்போதும் சிதறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கான பாக்கெட் இழப்பையும் தாமத ஏற்ற இறக்கத்தையும் எண்ணாகவே கேளுங்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.