மின்னாக்கிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சைத் தரணியில் இரவுப் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்: ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல், நடுவே குறுகிய சாலை. முன்னே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஊர்ந்து செல்லும். பின்னால் நாமும் ஊர்ந்தாக வேண்டும். மழையில் துடைப்பான் ஓட, முகவிளக்கு எரிகிறது. அவ்வேளையில் பழைய காரின் விளக்கு மங்கினால், கரை எது, தண்ணீர் எது என்று தெரியாமற் போகும். என்னிடமுள்ள பழைய அம்பாசடர் காரின் பொருட்டு இதை ஆராய நேர்ந்தது. அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

விளக்கு ஏன் மங்குகிறது? பழைய கார்களில் இருந்தது டைனமோ. அதில் காந்தப்புலம் நிலைத்து நிற்க, கம்பிச்சுருள் சுழலும். சுருளில் எழும் மின்சாரம் முழுவதையும் கம்யூட்டேட்டர் வழியாகக் கரித்துண்டுகள் திரட்ட வேண்டும். அந்த அமைப்பை மிக விரைவாகச் சுழற்ற இயலாது. எனவே இஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரம் போதாது. பாட்டரி கரையத் தொடங்கும்.

ஆல்டர்னேட்டரிலோ முறை தலைகீழ். காந்தம் சுழல்கிறது, சுருள் நிற்கிறது. அதை விரைவாகச் சுழற்றலாம். ஆகவே இஞ்சின் மெதுவாக ஓடினாலும் மின்சாரம் கிடைக்கும். பிறப்பது மாறுமின்சாரம். டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. மாற்று ஆல்டர்னேட்டரோ பல வகையில் கிடைக்கிறது. எது சரியானது? கல்யாணத்திற்குப் போலவே இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்.

முதலாவது, துருவப் பொருத்தம். அக்காலப் பிரிட்டிஷ் வழிவந்த கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்கு எதிர்முனை இணைய வேண்டும். இதைப் பாராமல் இணைத்தால் டையோடுகள் நொடியில் கருகிவிடும்.

இரண்டாவது, அளவுப் பொருத்தம். 55 வாட் முகவிளக்கு இரண்டிற்கு 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். துடைப்பான், பின்விளக்கு, இக்னிஷன் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் முழு அளவே 22 ஆம்பியர்தான். 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர் தரும். அதற்காக மிகப் பெரியதை மாட்டுவதும் தவறு. பழைய மெல்லிய கம்பி அம்மின்சாரத்தைத் தாங்காமல் சூடேறும். தடித்த கம்பி போட வேண்டும்.

மூன்றாவது, உடற்பொருத்தம். கப்பியின் பள்ளம் பெல்ட்டின் அகலத்திற்கு இசைய வேண்டும். மற்றக் கப்பிகளோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சற்று விலகினாலும் பெல்ட் தேயும்.

நான்காவது, இணைப்புப் பொருத்தம். ரெகுலேட்டரை உள்ளடக்கிய ஆல்டர்னேட்டருக்குப் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி தேவையில்லை. அதைச் சுற்றிலிருந்து விலக்கிவிட வேண்டும். ஆனால் முகப்பிலுள்ள சிறிய சிவப்பு விளக்கை விலக்கலாகாது. பல வகைகளில் காந்தத்திற்கு முதல் மின்சாரம் அதன் வழியாகவே செல்கிறது.

எல்லாம் இணைந்தபின் விளக்குகளை ஏற்றி, இஞ்சினைச் சற்றே முடுக்கி, பாட்டரி முனைகளில் வோல்ட்மீட்டரை வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் பொருத்தம் சரி. இச்சோதனையைப் பகலிலேயே வீட்டு வாசலில் செய்துவிடுங்கள்; வெண்ணாற்றங்கரை இருட்டு அதற்கேற்ற இடமன்று.